வஜ்ரபோதி துறவு பூண்டது எங்கே? பொதிகைக்காரர் என்று சொல்லுமுன் ஒரு நிகழ்வு ஆய்வு

வஜ்ரபோதி பொதிகை மலைக்காரர், தாமிரபரணித் தண்ணி குடித்து வளர்ந்தவர், பத்து வயசிலேயே காவி கட்டி நாலந்தாவுக்குப் போனவர் என்று எங்கள் அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். காஞ்சிபுரத்துக்கு ஒரு போதிதர்மர் இருக்கும்போது திருநெல்வேலிக்கு ஒருவர் இருக்கக்கூடாதா என்ற ஆசைதான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே ஒட்டாத இரண்டு சரக்கு கலந்து கிடக்கிறது. பொதிகைப் பிறப்பு ஒரு ஏட்டிலிருந்து வந்தது, பத்து வயசுத் துறவு இன்னொரு ஏட்டிலிருந்து வந்தது, அந்த இரண்டு ஏடும் ஒன்றையொன்று ஒத்துக்கொள்வதில்லை. அதனால் அவர் எந்த ஊரில் பிறந்தார் என்பதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு பையன் பிக்கு ஆவதற்கு அந்தக் காலத்தில் என்னென்ன தேவைப்பட்டது, இவருக்கு அது எங்கே கிடைத்திருக்கும் என்று பார்க்கலாம்.

ஆளைப் பற்றி நாலு வார்த்தை. பிறந்தது சுமார் 671, மறைந்தது 741, சீனாவின் லுவோயாங்கில். 719 வாக்கில் கப்பலில் குவாங்சோ துறைமுகத்தில் இறங்கினார். வஜ்ரசேகர மரபு என்று சொல்லப்படும் மந்திர வழிப் பௌத்தத்தைச் சீனாவில் நிலைநாட்டிய முதல் சில ஆட்களில் ஒருவர். இந்தியாவில் இவரைப் பற்றி ஒரு கல்வெட்டோ ஓலையோ கிடையாது, நமக்குத் தெரிவதெல்லாம் சீனர்கள் எழுதி வைத்ததுதான்.

இரண்டு ஏடுகள்

முதல் ஏட்டை எழுதியவர் லூ ஷியாங். சீனத்துத் தாங் அரசவையில் அதிகாரி, வஜ்ரபோதியிடமே அபிஷேகம், அதாவது மந்திர வழித் தீட்சை, பெற்ற இல்லறச் சீடர். அவர் எழுதியதை 800 வாக்கில் யுவான்ஜாவ் என்ற பிக்கு தாம் தொகுத்த நூற்பட்டியலில் சேர்த்துவைத்ததால் அது பிழைத்தது. அதன்படி வஜ்ரபோதி தெற்கத்திக்காரரே இல்லை. மத்திய இந்தியாவில் ஈசானவர்மன் என்ற சத்திரிய அரசனின் மூன்றாவது மகன், தென்னாட்டு அரசனின் சேனாபதி ஒருவர் பரிந்துரைத்து அனுப்பியதால்தான் தென்னிந்தியர் என்று பேர் வந்தது. பத்து வயதில் நாலந்தாவில் சாந்திஞானர் என்பவரிடம் துறவு, இலக்கணப் படிப்பு. பதினைந்தில் மேற்கு இந்தியா போய் நாலு வருடம் தர்மகீர்த்தியின் தர்க்க நூல்கள். இருபதில் நாலந்தா திரும்பி முழுத் துறவு. அடுத்த ஆறு வருடம் பெரும்பாலும் விநயம், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதிகள், கூடவே மத்யமகம் என்ற தத்துவப் பிரிவின் நூல்கள். இருபத்தெட்டில் கபிலவஸ்துவில் ஜினபத்திரர் என்ற ஆசிரியரிடம் மூன்று வருடம் யோகாசாரம் என்ற இன்னொரு தத்துவப் பிரிவு. முப்பத்தொன்றில் தெற்கே வந்து நாகபோதி என்பவரிடம் ஏழு வருடம் வஜ்ரசேகர யோகம். அந்த நாகபோதிக்கு அப்போது எழுநூறு வயசு என்று ஏடு சொல்கிறது. சரி, குருவைப் பற்றிச் சீடரின் சீடர் எழுதினால் இப்படித்தான் இருக்கும், விட்டுவிடுவோம்.

இரண்டாவது ஏடு 988-இல் ஜான்னிங் என்ற பிக்கு தொகுத்த துறவியர் வரலாறு, அதாவது ஆள் மறைந்து ஏறக்குறைய இருநூற்றைம்பது வருடம் கழித்து எழுதியது. நம்ம ஊர்க்காரர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். தென்னிந்தியாவில் மலய நாட்டில் பிறந்தவர், அந்த நாடு அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரின் இருப்பிடமான போதலக மலைக்குப் பக்கம். அப்பா பிராமணர், ஐந்து வித்தைகளிலும் தேர்ந்தவர், காஞ்சி அரசனுக்கு குரு. பையன் சில வயதிலேயே தினம் பத்தாயிரம் சொல் மனப்பாடம் செய்தான். பதினாறு வயதில் புத்த தர்மம் மனசில் பட்டது, நிகண்டர்களின் (சமணர்களின்) நூல்களைப் படிக்கப் பிடிக்காமல் தலையை மழித்துக்கொண்டு துறவியானான். அதற்குப் பிறகுதான் குருவோடு நாலந்தாவுக்குப் போய் சூத்திரமும் அபிதர்மம் என்ற தத்துவ விளக்க நூல்களும் படித்தான், முழுத் துறவு ஏற்றபின் பௌத்தத்தின் பதினெட்டுப் பிரிவுகளின் விநயமும் கேட்டான், அப்புறம் மேற்கு இந்தியா.

போதலகம் என்பது நம்ம பொதிகை மலைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசாகா விரிவாக வாதாடியிருக்கிறார், எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது. அகத்தியருக்குத் தமிழைச் சொன்னவர் அவலோகிதர் என்று 11-ஆம் நூற்றாண்டு இலக்கண நூலான வீரசோழியமே பாடுகிறது, அகத்தியர் எந்த மலையில் இருக்கிறார் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆக ஜான்னிங் சொல்லும் மலய நாடு பொதிகைச் சுற்றுவட்டாரம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை. தயக்கம் அடுத்த படியில்தான் வருகிறது. இந்த ஏட்டை நம்பினால் வயசு பதினாறு, பத்து இல்லை. பத்து வயசை நம்பினால் மனுசர் மத்திய இந்திய இளவரசர், பொதிகைக்காரர் இல்லை. இரண்டிலும் நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது, எடுப்பதானால் ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

பையன் பிக்கு ஆவது எப்படி

பௌத்தத்தில் துறவு இரண்டு படி. முதல் படி பப்பஜ்ஜை, வீட்டை விட்டு வெளியேறுவது. தலைமழித்து, துவராடை உடுத்து, புத்தம் தம்மம் சங்கம் என்று மூன்று சரணம் சொல்லி, பத்து சீலம் ஏற்றால் சாமணேரர். பத்தில் முதல் ஐந்து நமக்குத் தெரிந்த பஞ்சசீலம்தான், பிரம்மச்சரியம் மட்டும் முழுசாகிவிடும். மீதி ஐந்துதான் பையன்களைப் படுத்தும்: உச்சிக்கு மேல் சாப்பாடு இல்லை, ஆட்டம் பாட்டு பார்க்கக்கூடாது, பூவும் வாசனையும் கூடாது, உயரமான படுக்கை கூடாது, பொன் வெள்ளி தொடக்கூடாது. இதற்குப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். புத்தர் தம் மகன் ராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது பாட்டனார் சுத்தோதனர் மனம் நொந்து கேட்டதால் வந்த விதி அது என்று பாலி விநயம் சொல்கிறது. நான் சொல்வதில் பெரும்பகுதி அந்த பாலி விநயத்தை வைத்துத்தான், நாலந்தாவில் வழங்கியது மூலசர்வாஸ்திவாதம் என்ற பிரிவின் விநயம், சில்லறை விவரங்கள் மாறும், அடிப்படை ஒன்று.

வயசு? பதினைந்துக்குக் கீழே கூடாது என்பது பொது விதி. ஆனால் ஒரு குடும்பமே நோயில் செத்து இரண்டு பிள்ளைகள் மட்டும் மிஞ்சி, தெரிந்த பிக்குகளைக் கண்டதும் ஓடிவர, அவர்கள் விதியை நினைத்து விரட்டிவிட, பிள்ளைகள் அழ, ஆனந்தர் போய் புத்தரிடம் கேட்டபோது அவர் கேட்ட எதிர்க்கேள்வி, காக்கா விரட்டத் தெரியுமா பிள்ளைகளுக்கு என்பது. தெரியும் என்றால் பதினைந்து ஆகாவிட்டாலும் சேர்க்கலாம். களத்தில் நெல் காயப்போட்டுப் பேரனைக் காவலுக்கு உட்காரவைத்த எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு இந்த அளவுகோல் சட்டென்று புரியும். சீனர்கள் இதை ஏழு முதல் பதின்மூன்று வயது என்று கணக்காக்கி, காக்கை விரட்டும் சாமணேரர் என்று தனி வகுப்பே வைத்தார்கள். ஆக லூ ஷியாங் சொல்லும் பத்து வயசுத் துறவு ஒரு அதிசயம் இல்லை, விதிக்குள் வருவதுதான்.

இரண்டாவது படி உபசம்பதை, முழுத் துறவு. இருபது வயது நிறைந்திருக்க வேண்டும், அதையும் கருவிலிருந்து எண்ணலாம். ராஜகிருகத்தில் சின்னப் பையன்கள் பதினேழு பேருக்கு முழுத் துறவு கொடுத்து, விடியற்காலையில் அவர்கள் கஞ்சி வேண்டும் சோறு வேண்டும் என்று அழுது ஊரைக் கூட்டியபிறகு வந்த விதி. சங்கம் கூடி உட்கார்ந்து, வந்தவனிடம் கேள்விகள் கேட்கும். தொழுநோய் இருக்கிறதா, மனிதன்தானா, ஆண்தானா, அடிமை இல்லையே, கடன் இருக்கிறதா, அரசாங்க வேலையில் இருக்கிறாயா, அப்பா அம்மா சம்மதித்தார்களா, இருபது ஆயிற்றா, பாத்திரமும் உடையும் இருக்கிறதா, உன் பேர் என்ன, உபாத்தியாயர் பேர் என்ன. பிறகு ஒரு முறை முன்மொழிந்து, மூன்று முறை அறிவித்து, யாரும் வாய் திறக்காவிட்டால் சங்கம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். முடிந்த கையோடு வெயிலில் நிழலை அளப்பார்கள், ஏனென்றால் யார் மூத்தவர் யார் இளையவர் என்பது அன்றைக்கு, அந்த நேரத்திலிருந்துதான் கணக்கு, பிறந்த தேதி பார்ப்பதில்லை. அதன்பிறகும் குறைந்தது ஐந்து வருடம் ஒரு ஆசிரியரைச் சார்ந்தே இருக்க வேண்டும், தனியாகப் போக முடியாது.

இதில் நமக்கு முக்கியமானது கோரம் (quorum), அதாவது சடங்கு செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் கூடியிருக்க வேண்டும் என்ற கணக்கு. மத்திய தேசத்தில், அதாவது கங்கைச் சமவெளியில், முழுத் துறவு கொடுக்கப் பத்துப் பிக்குகள் வேண்டும். அவந்தி நாட்டில் சோணன் என்ற இளைஞர் புத்தரின் சீடரான மகாகச்சானரிடம் துறவு கேட்டு, சாமணேரராகி, அப்புறம் முழுத் துறவுக்கு மூன்று வருடம் காத்திருந்தார், காரணம் அந்த நாட்டில் பத்துப் பிக்குகளை ஒரே இடத்தில் சேர்க்க முடியவில்லை. அந்தக் கஷ்டத்தைப் புத்தரிடம் சொல்லித்தான் எல்லைப்புற நாடுகளில் ஐந்து பேர் போதும், ஆனால் அதில் ஒருவர் விநயம் நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும் என்று சலுகை வந்தது. ஐந்துக்குக் கீழே சலுகை இல்லை.

ஏடு பொருந்துகிறதா

லூ ஷியாங் கொடுக்கும் வயசுக் கணக்கை இந்த விதிகளோடு வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக ஒத்துப்போகிறது. இருபதில் முழுத் துறவு, அதையடுத்து ஆறு வருடம் விநயம், அதாவது ஆசிரியரைச் சார்ந்திருக்க வேண்டிய ஐந்து வருடத்தைத் தாண்டும்வரை நாலந்தாவை விட்டு அசையவில்லை, அப்புறம்தான் கபிலவஸ்து. இட்டுக்கட்டுகிறவர் பெரும்பாலும் குருவை எட்டு வயதில் எல்லாம் கற்றவராக்கிவிடுவார், இப்படி ஒரு சாதாரண மாணவனின் மெதுவான கணக்கை எழுத மாட்டார்.

வெளிச்சாட்சியும் இருக்கிறது. யீஜிங் என்ற சீனப் பிக்கு ஏறக்குறைய அதே காலத்தில், சுமார் 675 முதல் 685 வரை, நாலந்தாவில் இருந்தவர். லூ ஷியாங் கணக்குப்படி வஜ்ரபோதி அங்கே சேர்ந்தது 680 வாக்கில், ஆக ஒரே வளாகத்தில் ஒரே மணியோசைக்கு எழுந்து குளத்துக்குக் குளிக்கப் போயிருக்கலாம், ஒருவரையொருவர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை, மூவாயிரத்துக்கு மேல் துறவிகள் இருந்த இடம் அது. யீஜிங் அங்குள்ள படிப்பை வரிசையாக எழுதியிருக்கிறார். ஆறு வயதில் சித்தம் என்ற எழுத்துப் பாடம், ஆறு மாதத்தில் முடியும். எட்டு வயதில் பாணினி சூத்திரம், எட்டு மாதத்தில் மனப்பாடம். பத்து வயதில் இலக்கணத்தின் அடுத்த பகுதிகள், அதற்கு மூன்று வருடம். பதினைந்தில் சூத்திரத்துக்கான விரிவுரை, அது ஐந்து வருட வேலை. இதற்குப்பின் தர்க்கம், அபிதர்மம், பிறகு மாணவர்கள் நாலந்தாவிலோ மேற்கே வலபியிலோ இரண்டு மூன்று வருடம் இருந்து வாதம் பழகுவார்கள் என்கிறார். புதிதாகத் துறவு ஏற்ற எல்லோருக்கும், ஐந்து சீலமும் பத்து சீலமும் சொல்லத் தெரிந்ததும், மாத்ருசேடர் என்ற பௌத்தக் கவி பாடிய இரண்டு துதிகளைக் கற்றுக்கொடுப்பார்கள் என்றும் சொல்கிறார். தேவாரம் ஓதிப் பழகும் மடத்துப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை இருக்காது.

பத்து வயதில் இலக்கணம், பதினைந்தில் மேற்கு இந்தியாவில் தர்க்கம் என்று லூ ஷியாங் சொல்வது யீஜிங் போட்ட பாடத்திட்டத்தோடு கிட்டத்தட்ட அப்படியே உட்காருகிறது. மேற்கு இந்தியா என்றது வலபியாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். தர்மகீர்த்தி பேரும் சரியான இடத்தில்தான் வருகிறது, யீஜிங் அவரைச் சமீப காலத்துத் தர்க்க ஆசிரியர் என்று குறிப்பிடுகிறார். 685 வாக்கில் ஒரு பதினைந்து வயசுப் பையன் படிக்கும் புதுச் சரக்கு அது.

இன்னொன்று. முப்பத்தொன்றோடு ஏழு வருடம் கூட்டினால் முப்பத்தெட்டு வயது, ஆண்டு சுமார் 708. அதற்குப்பின் தென்னாட்டில் மூன்று வருடம் மழை பொய்த்து, அரசன் ஆள் அனுப்பி இவரை வரவழைத்து அரண்மனையிலேயே மழை வேண்டி அபிஷேக மண்டபம் அமைத்தான் என்று ஏடு சொல்கிறது. அரசன் பேரைச் சீன எழுத்தில் உடைத்துப் படித்தால் நரசிம்மபோத்தவர்மன், அதாவது காஞ்சி கைலாசநாதர் கோயில் கட்டிய ராஜசிம்மப் பல்லவன். அவன் ஆண்டது 8-ஆம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து வருடங்களை ஒட்டி. கணக்கு இடறவே இல்லை. பரம சைவன் ஒருவன் பஞ்சம் வந்ததும் பௌத்தப் பிக்குவைக் கூப்பிட்டிருக்கிறான் என்பது தனியாக ரசிக்க வேண்டிய விஷயம், மழைக்கு எந்தச் சாமியானால் என்ன.

ஆக, படிப்பு வரிசை விஷயத்தில் என் ஓட்டு லூ ஷியாங்குக்கு. பிறப்பு விஷயத்தில் அப்படி இல்லை. மூன்றாவது இளவரசன் என்பது சீன அரசவையில் மதிப்புக் கூட்டும் பேச்சு, சீடர் தாராளமாக ஏற்றிச் சொல்லியிருக்கலாம். தென்னிந்தியர் என்ற பேர் ஏன் வந்தது என்று அவரே விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே, ஊரெல்லாம் அவரைத் தெற்கத்திக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது என்பதைக் காட்டுகிறது. ஜான்னிங் அந்தப் பேச்சின் இன்னொரு கிளையைப் பதிவுசெய்திருக்கலாம்.

பொதிகையில் ஐந்து பிக்குகள் இருந்தார்களா

சரி, ஜான்னிங்கையே முழுசாக நம்பி, பையன் பொதிகை அடிவாரத்தில் பிறந்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவன் துறவு பூண்டது எங்கே?

640 வாக்கில் காஞ்சி வரை வந்த சீனப் பயணி ஷுவான்ட்சாங், அதாவது நாம் யுவான் சுவாங் என்று படித்தவர், அதற்குத் தெற்கே மலகூடம் என்று ஒரு நாட்டைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார், பாண்டிய நாடு என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சந்தன மரம் விளையும் மலய மலை, அதையொட்டிப் போதலக மலை, உச்சியில் ஒரு ஏரி, அதிலிருந்து ஓர் ஆறு இறங்கி மலையைச் சுற்றிக் கடலில் விழுகிறது என்றெல்லாம் சொல்கிறார். பொதிகை உச்சியில் ஏரி எதுவும் இல்லை, ஆறு உண்டு. இதைச் சொல்லி மார்தட்டுகிறவர்கள் அதே பக்கத்தில் அவர் எழுதிய இன்னொன்றைச் சொல்வதில்லை. அந்த நாட்டில் பழைய விகாரைகள் நிறைய, ஆனால் சுவர்கள்தான் நிற்கின்றன, பிக்குகள் வெகு சிலர், நூற்றுக்கணக்கில் தேவர் கோயில்கள், நிகண்டர்களோ ஏராளம். அதே ஆள் காஞ்சியைப் பற்றிச் சொல்வது நூற்றுக்கு மேல் விகாரைகள், பத்தாயிரம் பிக்குகள்.

நிகண்டர் என்றால் சமணர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கழுகுமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெட்டுவான் கோயிலுக்கு அந்தப்புறம் பாறை நெடுக தீர்த்தங்கரர்கள், அடியில் வட்டெழுத்தில் ஆசிரியர் பேர், மாணவர் பேர், குரத்தியார் என்று பெண் ஆசிரியர்கள் பேர்கூட. 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பெரிய சமணப் பள்ளியே நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் படித்த குடும்பத்துப் பையன் கையில் முதலில் நிகண்டர் நூல்கள் வந்து சேர்ந்தது, அவனுக்கு அது பிடிக்கவில்லை என்று ஜான்னிங் எழுதுவது போகிற போக்கில் விழுந்த அலங்காரம் இல்லை, இடத்தோடு ஒட்டுகிறது. பிற மதத்தார் நூல்கள் என்ற பொது அர்த்தத்தில் அவர் எழுதியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் மறுக்கவும் மாட்டேன்.

ஆனால் சங்கம்? ஷுவான்ட்சாங் கேட்டது உண்மையென்றால், அதற்கு நாற்பது வருடம் கழித்து விநயம் அறிந்த ஒருவர் உட்பட ஐந்து பிக்குகளைத் தாமிரபரணிக் கரையில் ஒன்றுசேர்ப்பது சோணனுக்கு ஆன கஷ்டத்தைவிடக் குறைவாக இருந்திருக்காது. முதல் படிக்கு ஒரு குரு கிடைத்தால் போதும், அது இங்கே நடந்திருக்கலாம். அப்பா காஞ்சி அரசனின் குரு என்று ஜான்னிங்கே சொல்வதால், பையன் வளர்ந்ததே காஞ்சியாக இருக்க அதிக வாய்ப்பு, அங்கே பதினாறு வயதில் சாமணேரராவது வெகு இயல்பு. முழுத் துறவோ, இரண்டு ஏட்டில் எதை எடுத்தாலும் வடக்கே போனபின்தான். அவலோகிதரின் மலை வாசலிலேயே பிறந்த பிள்ளைக்கும் பிக்கு ஆக ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாண்டிய நாட்டில் பௌத்தம் ஏன் தேய்ந்தது என்பதற்குச் சம்பந்தர் பாட்டை மட்டும் பேசுகிறோம், கூடவே இதையும் பேசலாம்: கோரம் கூடாத நாட்டில் அடுத்த தலைமுறைப் பிக்கு உருவாகவே முடியாது, இருக்கிற நாலு பேர் கிழவர்களாகிப் போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது, யாரும் விரட்ட வேண்டியதில்லை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தரானபோதுகூட, வெறும் பஞ்சசீலம் ஏற்பதற்கே கொழும்புக்குக் கப்பல் ஏறி சுமங்கல தேரரிடம் போக வேண்டியிருந்தது.

சீடனை வைத்து குருவைப் பார்த்தால்

பத்தா பதினாறா என்பதற்கு இன்னொரு வழியாகவும் போகலாம். வஜ்ரபோதியிடம் சீனாவில் வளர்ந்த முக்கியச் சீடர் அமோகவஜ்ரர், 705-இல் பிறந்தவர், பிற்காலத்தில் மூன்று தாங் பேரரசர்களுக்கு நெருக்கமாக இருந்தவர். அவரைப் பற்றியும் ஜான்னிங் எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில் வந்த பையனுக்கு வஜ்ரபோதி முதலில் கொடுத்தது மந்திரம் இல்லை, சித்தம் என்ற அதே எழுத்துப் பாடமும் இலக்கணமும். பையன் பத்தே நாளில் முடித்துவிட்டான் என்று அதையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்கிறார். 724-இல், இருபது வயதானதும், லுவோயாங்கில் முழுத் துறவு. அதன்பிறகு வஜ்ரசேகர யோகம் வேண்டும் என்று பையன் கேட்க, மூன்று வருடமாகியும் குரு வாயைத் திறக்கவில்லை. வெறுத்துப்போய் இந்தியாவுக்கே கிளம்புகிறேன் என்று மூட்டை கட்டியபோது, தலைநகரத்துக் கோயில்களின் புத்தர், போதிசத்துவர் சிலைகள் எல்லாம் எழுந்து கிழக்கே நடப்பதாக வஜ்ரபோதி கனவு கண்டு, இவன் சரியான பாத்திரம்தான் என்று தெளிந்து, பிறகுதான் கேட்டதைக் கொடுத்தாராம்.

கனவை விடுங்கள், வரிசையைப் பாருங்கள். எழுத்து, இலக்கணம், இருபதில் முழுத் துறவு, சில வருடம் காக்க வைத்தபின் யோகம். தான் கற்ற முறையிலேயேதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குருவுக்கு இந்த வரிசையைச் சொல்பவர் லூ ஷியாங், ஜான்னிங்கின் குரு வரலாற்றில் இலக்கணம் என்ற பேச்சே இல்லை, ஆனால் சீடரின் வரலாற்றில் அதே ஜான்னிங் இதே வரிசையைத் தன்னை அறியாமல் எழுதி வைத்திருக்கிறார். அதனால் பத்து வயசும் நாலந்தாவும் நிற்கும் என்பது என் முடிவு, பொதிகைப் பிறப்பு இருக்கலாம் என்ற அளவில் நிற்கும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள், பத்து வயசுப் பிள்ளையைத் தாமிரபரணிக் கரையிலிருந்து பீகார் வரை கூட்டிக்கொண்டு போனது யார் என்பதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும், ஜான்னிங் சொல்லும் குரு கூட்டிப்போனது பதினாறு வயதில் துறவு பூண்ட பிள்ளையை, பத்து வயசுப் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இரண்டு ஏட்டிலும் இல்லை.